எது திரும்பும், எது திரும்பாது

ஈப்போ

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. பசியாறிவிட்டு, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு வாசி.

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. 48 குழாய் அடுக்கிய அக்ரிலிக் பெட்டி, பத்துத் தூரிகை, மடக்கு ஸ்டாண்டு. "வாங்கட்டுமா பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்தப் பெட்டியில் பச்சை மட்டும் ஏழெட்டு இருக்கிறது. மலைமேல் திரிங்காப்பில் உங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற பச்சை ஒன்றுகூட அதில் இல்லை. கொழுந்து எடுத்த மறுநாள் தேயிலைச் செடிக்கு ஒரு பச்சை, கவாத்து வெட்டித் துளிர் விடும்போது வேறொன்று, முட்டைக்கோஸ் பாத்திக்குச் சாம்பல் பூத்த பச்சை. இரண்டு மஞ்சள், இரண்டு நீலம், இரண்டு சிவப்பு, கூட ஒரு வெள்ளைக் குழாய் இருந்தால் அத்தனையும் கலந்தே வரும். பச்சை ரொம்பப் பளிச்சென்று குதித்தால் ஒரு பொட்டுச் சிவப்பு போதும், அடங்கிவிடும். பெட்டிக்காரன் இதைச் சொல்லமாட்டான்.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து கையில் சில மாதங்கள் இருக்கின்றன. கரி, நீர்வண்ணம், பாத்தேக், களிமண் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாய். நல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் கொடுத்தால் அது சுற்றுலாப் பேருந்து ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேள்: இதில் எது திரும்பும், எது திரும்பாது? பதில் பொருளுக்குப் பொருள் மாறும். பாடமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

கரியில் தொடங்கு. கரி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மன்னிக்கும். தப்பினால் துணியால் தட்டிவிட்டு அதன் மேலேயே மறுபடி வரையலாம். கரியைக் காசு கொடுத்து வாங்காதே. இரும்பு மூடி போட்ட பழைய மைலோ டின் ஒன்று எடு. மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போடு. பென்சில் தடிமனில் காய்ந்த குச்சிகளை, மென்மையான மரமாகப் பார்த்து, பட்டை உரித்து டின்னுக்குள் நெருக்கி அடுக்கு. வெளியே அடுப்பு மூட்டி அதன் நடுவில் வை. முதலில் துளை வழியே வெள்ளையாக வருவது குச்சியின் ஈரம். பிறகு வருகிற புகை சில சமயம் தானே பற்றி, துளையில் சின்ன நாக்காக எரியும். புகை நின்றதும் டின்னை வெளியே எடு. இங்கேதான் எல்லாரும் கெடுப்பது: ஆவலில் உடனே திறப்பார்கள். காற்று பட்டால் உள்ளே இருக்கிற கரி சாம்பலாகிப் போகும். டின் கையில் ஜில்லென்று ஆகும்வரை மூடியைத் தொடாதே.

அந்தக் கரியில் ஒரு மாதம் வரை. வீட்டுப் பாத்திரங்கள், பாட்டியின் கை, சடக்கோரம் நிற்கும் காய்கறி லாரி, எது கிடைத்தாலும் சரி.

பிறகு மைக்கு மாறு. மையில் எதுவுமே திரும்பாது. திருச்சிப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தேடிப் பார். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் கறுப்பு வெள்ளையில் நூறு காந்திகளை வரைந்தவர் அவர். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட படங்கள் எழுத்துக்குச் சமமாகப் பேசப்பட்டன. அந்தக் கோடுகள் நடுங்குவதுபோல் தெரியும்; ஒன்றுகூடத் தயங்கியிருக்காது. பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் பெரிய அரூப ஓவியங்களுக்குப் போனார். அந்த வண்ணத்தின் துணிச்சல் கறுப்புக் கோட்டில் சம்பாதித்தது என்பது பெரியப்பாவின் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

மையும் உன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தேயிலைத் தூளைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டு. நாலைந்து துருப்பிடித்த ஆணிகளைக் கொஞ்சம் வினிகரில் சில நாள் ஊறவிடு. பிறகு ஆணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கஷாயத்தில் விடு. பழுப்பு கண்ணெதிரே கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. தமிழ்நாட்டில் கலம்காரி தீட்டுகிறவர்கள் துணியைக் கடுக்காயில் நனைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்த சாற்றால் எழுதுவார்கள். பேனா பட்ட இடம் கறுக்கும். அவர்களுக்குக் கடுக்காய், உனக்குத் தேயிலை. ஒரே எச்சரிக்கை, இந்த மை வருடக்கணக்கில் காகிதத்தை அரிக்கும். பழகுவதற்குப் பயன்படுத்து, பத்திரப்படுத்த நினைக்கிற படத்துக்கு வேண்டாம்.

நீர்வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதில் திரும்பாதது காகிதத்தின் வெள்ளை. மூடிவிட்டால் போயிற்று, ஆகவே எங்கே வெள்ளை நிற்க வேண்டும் என்பதை முதல் சொட்டுக்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். 300 கிராம் காகிதம் வாங்கு. மெல்லியது உங்கள் ஊர் ஈரத்தில் அப்பளமாக நெளியும். கட்டி வண்ணத்தில் பிசின் இருப்பதால் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காயவைத்து, பிஸ்கட் டின்னில் ஒரு பிடி அரிசியோடு போட்டு வை.

இந்த வெள்ளைக் கணக்கு பிடிபட்டால், மெழுகால் இடத்தை மறைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுகிற பாத்தேக்கில் பாதி வந்துவிட்டது என்று அர்த்தம். பாத்தேக்கை உடுப்பாக மட்டும் பார்த்துப் பழகிய நாடு இது. அதை ஓவியமாக்கிக் காட்டிய முன்னோடி பினாங்கில் வாழ்ந்த சுவா தியான் தெங். சீனாவின் பூஜியான் மாநிலத்தில் பிறந்தவர். பாத்தேக் தொழில் நடத்திப் பார்த்தார், நொடித்தது. மிஞ்சிய மெழுகையும் சாயத்தையும் வைத்து 1950-களில் துணிமேல் படம் எழுதத் தொடங்கினார். மலாய்க் கிராமத்துப் பெண்கள், தாயும் பிள்ளையும், மீன், பழம் என்று அவர் எடுத்ததெல்லாம் அக்கம்பக்கத்துக் காட்சிகள். 2008-இல் காலமானார்.

பாத்தேக் மெழுகை வெறும் மெழுகென்று நினைத்துவிடாதே. தேன்மெழுகும் பாரஃபினும் டாமார் பிசினும் சேர்ந்த கலவை. பாரஃபின் மட்டும் என்றால் விண்டுபோகும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பிசின் துணியைப் பிடித்துக்கொள்ளும். டாமார் என்று மலாயில் சொல்வது நம் குங்கிலிய இனத்துப் பிசின்தான். சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலைக்கு மெழுகு உரு பிடிக்கிற ஸ்தபதியும் தேன்மெழுகில் குங்கிலியத்தைத்தான் கலக்கிறார். அங்கே மெழுகு உருகி வெளியேறி உலோகத்துக்கு இடம் விடும். இங்கே சாயத்தை உள்ளே விடாமல் நின்றுவிட்டுக் கடைசியில் கொதிநீரில் போய்விடும். இரண்டிலும் அது தங்கப் போவதில்லை.

இனி சாந்திங்கைக் கையில் பிடிக்கிற நேரம். செம்புக் கிண்ணத்துக்கு மூக்கு வைத்தாற்போல் ஒரு சின்னக் கருவி. சூடான மெழுகை மொண்டு, மூக்கைத் துணியில் படரவிட்டு இழுக்க வேண்டும். திரிங்காப்பில் உனக்கு வரப்போகும் தொல்லை குளிர். அடுப்புக்கும் துணிக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழத்திலேயே மெழுகு சூடிறங்கிவிடும். சரியாக இறங்கிய கோடு துணியில் எண்ணெய் பட்டதுபோல் ஒளி ஊடுருவத் தெரியும். ஆறிப்போன மெழுகு மேலேயே வெள்ளையாக, புடைத்து உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகு, ஆனால் சாயம் அதன் அடியில் புகுந்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார். பின்னால் கோடு தெரியாவிட்டால் அந்தப் பக்கமிருந்தும் ஒருமுறை எழுது. சாயம் காய்ந்ததும் சோடியம் சிலிக்கேட் பூசிப் பல மணி நேரம் விடுவது, அலசுவது, சலவைச் சோடா போட்ட கொதிநீரில் மெழுகை எடுப்பது எல்லாம் நேரில் காட்டுகிறேன். தவறி ஒரு சொட்டு மெழுகு விழுந்தால் சுரண்டிப் பயனில்லை, அது நூலுக்குள் போயிருக்கும். அந்தச் சொட்டை ஒரு பூவாக்கு, மீனின் கண்ணாக்கு. மெழுகுக் கிண்ணத்தை நேரே நெருப்பில் வைக்காமல் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கு. தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றிவிடாதே, மூடியைப் போட்டு மூடு, அடுப்பை அணை.

களிமண் வேறு மாதிரி. சுடாதவரை அது எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரும். காய்ந்து உடைந்த மண் குதிரையை வாளித் தண்ணீரில் போட்டால் மறுபடி மண். சூளையில் 600 டிகிரி தாண்டிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

இதைப் பெரியப்பா கற்றது ஒரு யானையால். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வார இறுதி வகுப்பு. கால் நான்கும் தூண் மாதிரி, வயிறு கெட்டி மண், அவ்வளவு பெருமை. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். சூளைக்குள் அந்த ஈரம் ஆவியாகி யானை வெடித்தது. தன்னோடு பக்கத்தில் இருந்த ஒரு சீன அம்மாவின் தேநீர்க் குடுவையையும் கூட்டிப் போயிற்று. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துண்டுகளைப் பொறுக்கித் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இன்னும் அந்த முதுகு கண்ணில் நிற்கிறது. தமிழ்நாட்டுக் குயவர்களான வேளார்கள் அய்யனார் குதிரையை ஆளுயரத்துக்கு மேல் செய்கிறார்களே, அது வெடிக்காமல் நிற்பது எப்படி? உள்ளே கூடு, மண்ணில் மணலும் உமியும். உமி எரிந்து போன இடம் ஆவிக்கு வழி. ஈப்போவுக்குக் கிட்டத்திலேயே, கோலகங்சாரின் சாயோங் கிராமத்தில், சுரைக்காய் வடிவத்தில் லாபு சாயோங் என்று தண்ணீர்ப் பானை செய்கிறார்கள். அங்கும் உமிதான், வேலை மட்டும் வேறு. சுட்ட பானையைச் சூடு ஆறுமுன் உமியில் புதைப்பார்கள். அந்தப் புகைதான் அதன் கறுப்பு. சுடுமுன் காய்ந்ததா என்று பார்க்கப் பாத்திரத்தைக் கன்னத்தில் வைப்பார்கள், ஜில்லென்றால் ஈரம் மிச்சம். திரிங்காப் குளிரில் உன் கன்னமே ஜில்லென்றுதான் இருக்கும், அதனால் ஒரு வாரம் சேர்த்தே விடு.

தீயைப் பற்றிப் பேசும்போது செம்பைச் சொல்லாமல் விட முடியாது. செம்புத் தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகி, ஒரு கட்டத்தில் விரிசல் விடும். சிவக்கக் காய்ச்சினால் பழையபடி இளகிக் கொடுக்கும். மண்ணை நிரந்தரமாக மாற்றுகிற அதே தீ செம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சென்னையில் பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டியே சிலை செய்தார்.

உன் அப்பன் நேற்றுத் தொலைபேசியில், "இதெல்லாம் சோறு போடுமா அண்ணே?" என்றான். நியாயமான கேள்வி, நையாண்டியாக எடுத்துக்கொள்ளாதே. சென்னை ஓவியக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. தொடக்கத்தில் அது கைத்தொழில் பள்ளி. நம் சமையல்கட்டில் உருள்கிற அலுமினியப் பாத்திரம் இருக்கிறதே, இந்தியாவில் அதைச் செய்யும் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் நடத்திய பட்டறையில்தான் வேர்விட்டது. அதே கல்லூரிக்கு 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டார். படித்து முடித்தவன் வேறு வேலைக்குப் போனால் தூரிகை காய்ந்துவிடுகிறது. என்ன வழி? பாத்தேக் துணி, உலோகப் பொருள், தோல் வேலை என்று கைவினைகளைச் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது அப்படித்தான். அரசு கொடுத்த மானியத்தில் எழுந்த ஊர் இல்லை அது. பாத்தேக்கில் கைபழகியதால் ஓவியம் கெட்டுவிடும் என்று அவர்கள் யாரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. எல்லாரும் செழித்தார்கள் என்று பெரியப்பா கதை விடமாட்டேன். ஊர் இன்னும் இருக்கிறது.

அந்தக் கல்லூரிக்கு நம் நாட்டிலிருந்தும் ஆள் போயிருக்கிறார். 1943-இல் தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன் அங்கே படித்தவர்; ராமாயணக் காட்சிகளைச் சுவரளவுக்குத் தீட்டினார். கோலாலம்பூருக்கு யாராவது போனால் ஒட்டிக்கொண்டு போய், 1958-இல் தொடங்கிய தேசிய கலைக்கூடத்தில் ஒரு நாள் முழுக்க நில். படத்தின் முன்னால் நின்று படம்பிடிக்காதே. அந்த ஓவியர் எந்த இடத்தில் திரும்ப முடியாமல் போயிருப்பார் என்று தேடு.

எண்ணெய் வண்ணம் அடுத்த வருடம். அது காற்றின் பிராணவாயுவை வாங்கித்தான் இறுகும், மலையில் இன்னும் மெதுவாக. ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும் என்பது மட்டும் இப்போதே தெரிந்திருக்கட்டும்.

வருகிற ஞாயிறு சிம்பாங் பூலாய் வழியே கம்போங் ராஜா ஏறி வருகிறேன். ஒரு கிலோ மெழுகும் இரண்டு சாந்திங்கும் கொண்டுவருவேன். நீ பழைய வெள்ளை வேட்டி ஒன்று எடுத்து வை, சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டர் கலந்தால் நாம் போடும் சாயம் பிடிக்காது. உன் அப்பனுடைய தைப்பூசத்து வேட்டியில் கைவைத்துவிடாதே, அந்தப் பழியும் என் தலையில்தான் விழும்.

அன்புடன்,
பெரியப்பா