கடலாடுதலும் காவலும்

புதுச்சேரி நகரின் வடபால் அமைந்தது லாஸ்பேட்டை. அவ்வூரார்க்குக் கடல் அயலது அன்று. கிழக்கே சிறிது தொலைவு சென்றால் அலையோசை காதில் விழும். விடுமுறை வந்ததும் கடலாட விழையாத மாணாக்கர் இலர். ஆயினும், காண்பதற்கு இனிய கரையெல்லாம் குளிப்பதற்கு உரிய கரை ஆகாது.

நகரின் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கற்கள் அரண்போல் குவிக்கப்பட்டுள்ளன. துறைமுகத்திற்கென 1980-களின் இறுதியில் எழுப்பப்பெற்ற அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் தடுத்தன. அதனால் வடபால் மணல் குறைந்தது. கடல் கரையை அரித்தது. அரிப்பினின்று நகரைக் காக்கவே அக்கற்கள் இடப்பட்டன. கற்கள் கிடக்கும் இடத்தில் காற்று வாங்கலாம். நீரில் இறங்குதல் தகாது.

நகருக்குத் தெற்கே, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றின் அமைதியான கழியில் படகு செலுத்தி மகிழலாம். அதனை அடுத்த கடலோரச் சிற்றூர் சின்ன வீராம்பட்டினம். அங்குள்ள ஈடன் கடற்கரை 2021-ஆம் ஆண்டு நீலக்கொடிச் சான்று பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் நீரின் தூய்மை, சூழற்காப்பு, மக்களுக்கு அறிவுறுத்தல், உயிர்க்காவல் முதலிய 33 அளவுகோல்களால் ஆராய்ந்து இச்சான்றினை வழங்குகிறது. ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று இது. காலந்தோறும் தகுதியை மெய்ப்பித்தல் வேண்டும்.

சான்று பெற்ற கரையிலும் கடலின் இயல்பு மாறுவதில்லை. அலைகள் கரையில் கொணர்ந்து சேர்க்கும் நீர், மணல்திட்டுகளின் இடைவெளி வழியே குறுகிய ஓட்டமாகக் கடலுக்கு மீள்கிறது. அவ்விடத்தில் அலை மிகுதியாக உடைவதில்லை. அதனை அமைதியான நீர் என்று கருதி இறங்குவோரை அவ்வோட்டம் உள்ளே இழுத்துச் செல்லும். அதன் விரைவு சிலவேளை நொடிக்கு 2 மீட்டரையும் கடக்கும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதனை எதிர்த்து நீந்துதல் அரிது. விளையாட வந்த இளைஞர் கடலில் மூழ்கி உயிர்நீத்த துயரம் புதுவைக் கரைகளில் பலமுறை நிகழ்ந்துள்ளது.

அவ்வாறு இழுக்கப்பட்டவர் அஞ்சிக் கரைநோக்கிப் போராடுதல் கூடாது. போராடினால் கைகால் சோரும். முதலில் மிதந்து மூச்சைக் காத்தல் வேண்டும். கையை உயர்த்தி உதவி நாடுதல் வேண்டும். பின்னர்க் கரைக்கு இணையாக நீந்தி, ஓட்டத்தைக் கடந்தபின் கரைசேர முயலுதல் வேண்டும். கரையில் நிற்பவர் உணர்ச்சிவயப்பட்டுக் குதித்தல் பிழை. உயிர்க்காவலரை அழைத்து, மிதக்கும் பொருளொன்றை எறிவதே உண்மையான உதவியாம். ஒருவரை மீட்கச் சென்று இருவர் மாய்தல் எத்துணைக் கொடுமை!

காவலர் உள்ள இடத்தில், காவலர் உள்ள வேளையில் மட்டுமே நீராடுதல் வேண்டும். செங்கொடி பறக்குமாயின் கரையிலேயே நின்றுவிடல் நன்று. படகு விளையாட்டில் ஈடுபடுவோர் மிதவைச் சட்டை அணிதல் இன்றியமையாதது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் கடல் சீற்றம் கொள்ளும். அக்காலத்தில் பெரிதும் எச்சரிக்கை வேண்டும்.

கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். அக்கட்டுமரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய மீனவரும் காற்றின் திசையையும் நீரின் போக்கையும் நோக்கிய பின்னரே அலைகடந்தனர். கடலை நன்கறிந்தவரே கடலுக்கு அஞ்சினர் என்றால், அறியாதார் அஞ்சாதிருத்தல் வீரமாகுமோ? அஞ்சுவது அஞ்சி, அறிந்து ஆடுவோர்க்கே கடல் இன்பம் தரும்.