வெர்மீரிடம் முகம் பழகலாம்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகுபவர்கள், வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ (சுமார் 1665) ஓவியத்தைப் பார்த்து வரையலாம். அசலே சின்னதுதான், 44.5 × 39 செ.மீ.

முதலில் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து நிழல்களை மட்டும் போடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அவற்றின் வடிவம் பிடிபடும். வெளிச்சம் விழும் பக்கத்தில் மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது. போட்டீர்களோ, முகம் கெட்டது! மேலடுக்குகளில் லின்சீட் எண்ணெய் கூடிக்கொண்டே போகட்டும், இல்லையேல் வெடிப்பு விடும். முத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே வெள்ளைக் காலரின் மங்கிய பிரதிபலிப்பு, அவ்வளவே. பின்னணியை வெறும் கறுப்பாக அடிக்காதீர்கள். அங்கே முதலில் இருந்தது பச்சைத் திரை. டர்பன்டைன் நெடி பொல்லாதது, சன்னல் திறந்திருக்கட்டும்.