தாத்தாவின் புல்லட்



எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் தமிழ்தான் கேட்கும். நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே சுரங்கத்தில் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு ஊர்க்காரர்கள் பலர் விடிகாலையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில் திரும்பி வருகிறார்கள்.

என் தாத்தா சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1984-இல் ஒரு புல்லட் வாங்கினார். பாட்டியை அதில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார். சுரங்கம் மூடியபோது வீட்டில் பல பொருள்களை விற்றார்கள். புல்லட்டை மட்டும் தாத்தா விற்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதன் பதிவைப் புதுப்பித்து வந்தார். கால் வலி வந்த பிறகு வண்டி திண்ணையிலேயே நின்றது.

போன ஆண்டு அவர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே இது உன் வண்டிடா. ஓடற மாதிரி பண்ணு" என்றார்.

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. அந்த வண்டியை 'பாபர்' ஆக்க வேண்டும் என்ற ஆசை.

பாபர் என்றால் என்ன?

குதிரையின் வாலைக் குட்டையாக வெட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'பாப்' என்பார்கள். அந்தச் சொல்லில் இருந்து வந்த பெயர்தான் பாபர். வால் வெட்டிய வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. 1930-களிலேயே சிலர் இப்படி வண்டியைக் குறைத்து ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. போர் வீரர்கள் ஊர் திரும்பினார்கள். ராணுவத்துக்குச் செய்த ஹார்லி டேவிட்சன் வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. அந்தக் கால அமெரிக்க வண்டிகள் மிகவும் கனமானவை. இளைஞர்கள் என்ன செய்தார்கள்? முன் மட்கார்டைக் கழற்றினார்கள். பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டினார்கள். தேவையில்லாத பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். கனம் குறைந்தது. வேகம் கூடியது.

இதற்குப் பெரிய பணம் தேவைப்படவில்லை. வீட்டுக் கொட்டகையில் நண்பர்கள் கூடிச் செய்தார்கள். ஒருவனுக்கு வெல்டிங் தெரியும். ஒருவனுக்கு இன்ஜின் தெரியும். எங்கள் ஊரிலும் அதே கதைதான்.

நாங்கள் ஐந்து பேர்

எங்கள் வெல்டிங் அண்ணனுக்கு ஆண்டர்சன்பேட்டையில் சிறிய பட்டறை. வயது நாற்பது. சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். இரவில் எங்கள் மையத்துக்கு வந்து எழுத்துக் கற்றுக்கொண்டார். எண்களை நன்றாகப் படிப்பார். என்னை "வாத்தியாரே" என்று கூப்பிடுவார்.

என் பள்ளி நண்பன் ஒருவன் பெங்களூரில் ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறான். எந்தப் பாகம் அசல், எது போலி என்று அவனுக்குத் தெரியும். இன்னொரு நண்பன் டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்பவன். பக்கத்து வீட்டு அக்கா தையல்காரர். சீட்டுக்கு உறை தைத்துத் தருவதாகச் சொன்னார்.

நான் கணக்கு நோட்டு வைத்துக்கொண்டேன். என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், யார் கொடுத்தார்கள் என்று அன்றன்றே எழுதினேன். நட்பு கெடாமல் இருக்க இதுவும் வேண்டும்.

சாக்பீஸ் கோடு

முதல் ஞாயிற்றுக்கிழமை. வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சீட்டையும் மட்கார்டையும் கழற்றினோம். சேஸிஸின் பின்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.

"இங்க அறுத்துடுங்க அண்ணே. பின் ஷாக் அப்சார்பர் வேண்டாம். சக்கரத்தை நேரா கம்பியில பிடிச்சிடலாம். சீட்டு ஒண்ணே ஒண்ணு. அதுதான் ஸ்டைல்."

அண்ணன் கிரைண்டரைக் கையில் எடுத்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"வாத்தியாரே, ஆர்.சி. புத்தகம் இருக்கா?"

கொடுத்தேன். அவர் வண்டியின் கழுத்துப் பகுதியைத் துணியால் துடைத்தார். அங்கே சேஸிஸ் எண் பொறித்திருந்தது. புத்தகத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. இன்ஜின் எண்ணையும் பார்த்தார். அதுவும் சரி. பிறகு அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க தனியா 2-ன்னு போட்டிருக்கே, இது என்ன?"

நான் ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்தேன். "இருக்கை எண்ணிக்கை அண்ணே. ரெண்டு பேர்."

"நீ போடப் போறது ஒரு சீட்டுதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. பத்து மாதம் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் என் கையில் இருந்த காகிதத்தை நான் படிக்கவில்லை.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "நான் வெல்டு வச்சா நிக்கும். ஆனா கம்பெனி போட்ட இடம் மாதிரி நிக்கும்னு எழுதித் தர மாட்டேன். பேத்தமங்கலம் ரோட்ல ஒரு பள்ளத்துல விட்டுப் பாரு. அறுத்தது அறுத்ததுதான்."

அன்று வேலையை நிறுத்தினோம்.

சட்டம் சொல்வது

மறுநாள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். என்ன செய்ய விரும்புகிறோம் என்று ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுபோனோம். அங்கே தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. அதன் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றியது. கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்காகவும் விதி இருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். புடவை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கத் தடுப்பு வேண்டும். அது பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும். சேலை கார்டு என்று நாம் சொல்வது இதைத்தான்.

"பழைய வண்டிதானே, விண்டேஜ் என்று பதிவு செய்யலாமா?" என்று கேட்டேன். 2021-இல் அதற்கு விதி வந்திருக்கிறது. வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். அசல் உருவம் மாறாமல் இருக்க வேண்டும். தினமும் ஓட்டவும் முடியாது. தாத்தாவின் வண்டிக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. இன்று அறுத்துவிட்டால், வயது ஆன பிறகும் அந்தப் பதிவு கிடைக்காது.

தாத்தா சொன்னது

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்த ஷாக் அப்சார்பரையா எடுக்கப் பார்த்தே? புல்லட்டுக்குப் பேரே அதாலதான்டா வந்தது."

அது உண்மை. 1949-இல் விற்பனைக்கு வந்த புல்லட்டின் பெருமையே அதன் பின் சக்கர சஸ்பென்ஷன்தான். அப்போது அது இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட் கேட்டது. பிறகு 1955-இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். தாத்தாவின் வண்டியும் அங்கே பிறந்ததுதான்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அமெரிக்காவின் பழைய பாபர்களில் பின் ஷாக் அப்சார்பர் கிடையாது. யாரும் அதை வெட்டி எடுத்ததால் அல்ல. அக்கால ஹார்லி வண்டிகளுக்குக் கம்பெனியே அதைக் கொடுக்கவில்லை. பெரிய ஹார்லி வண்டிகளுக்கு 1958-இல்தான் அது வந்தது. அந்த இளைஞர்கள் மட்கார்டைத்தான் வெட்டினார்கள். சேஸிஸில் கை வைக்கவில்லை. சேஸிஸை வெட்டி, முன் ஃபோர்க்கை நீட்டும் வண்டிக்குச் 'சாப்பர்' என்று பெயர். அது வேறு வகை.

அவர்களிடம் இல்லாததை, இருக்கும் வண்டியில் அறுத்து எறிய இருந்தேன் நான்.

நாங்கள் செய்த வேலை

புதிதாகத் திட்டம் போட்டோம். போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆக்க முடிய வேண்டும். அதுதான் எங்கள் விதி. அலுவலகத்திலும் காட்டிக் கேட்டுக்கொண்ட பிறகே தொடங்கினோம்.

மட்கார்டு: தாத்தாவின் மட்கார்டை வெட்டவில்லை. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தோம். பெங்களூர் சிவாஜிநகர் குஜிரியில் ஒரு பழைய பின் மட்கார்டு வாங்கினோம். அதைக் கொஞ்சம் குட்டையாக்கினோம். நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் வைக்க இடம் விட்டோம். முன் மட்கார்டை எடுக்கவில்லை. எடுத்தால் மழையில் சேறு முகத்தில் அடிக்கும். இப்போது கம்பெனிகளே பாபர் விற்கின்றன. ஜாவா பெராக், ராயல் என்ஃபீல்டின் கோவன் கிளாசிக் ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றிலும் முன் மட்கார்டு இருக்கிறது.

சீட்டு: ஓட்டுபவருக்கு ஸ்பிரிங் வைத்த தனி சீட்டு. பின்னால் இன்னொரு சிறிய சீட்டு. இரண்டுக்கும் அக்கா கறுப்பு ரெக்சினில் உறை தைத்தார். கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் சேலை கார்டும் அப்படியே இருக்கின்றன.

பிரேக்: ஸ்டைலுக்காக முன் பிரேக்கை எடுத்துவிடுபவர்கள் உண்டு. அது ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகும். அப்போது முன் பிரேக்தான் அதிகம் வேலை செய்யும். நாங்கள் இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ போட்டோம். கேபிளையும் மாற்றினோம்.

சக்கரம்: துருப்பிடித்த ஸ்போக்குகளை மாற்றினோம். ரிம் அளவை மாற்றவில்லை. புது டயர் போட்டோம்.

வயரிங்: பழைய வயர்கள் தொட்டால் ஒடிந்தன. எல்லாவற்றையும் புதிதாக இழுத்தோம்.

நிறம்: ஆர்.சி.யில் கறுப்பு என்று இருக்கிறது. கறுப்பே அடித்தோம்.

ஒவ்வொரு ஞாயிறும் வேலை நடந்தது. நான்கு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு பணம் இல்லை. ஒரு ஞாயிறு நண்பனுக்கு லீவு இல்லை. அந்த நாள்களில் கழற்றியதைத் துடைத்து வைத்தோம்.

முதல் உதை

புல்லட்டை உதைப்பதற்கு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். அம்மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும. லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு மூச்சாக உதைக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். காலே ஒடியலாம்.

தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் உதைத்தேன். மூன்றாவது உதையில் வண்டி பேசியது. தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். "டாப்பெட் கொஞ்சம் தட்டுது. சரி பண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டியபோது, அதிகாரி ஆர்.சி.யையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது என் அம்மா வேலைக்குப் பெங்களூர் போகிறார். விடிகாலையில் அவரைச் சாம்பியன் ரயில் நிலையத்தில் நான்தான் இறக்கிவிடுகிறேன். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். சாக்பீஸ் கோட்டில் அறுத்திருந்தால் அந்தச் சீட்டு இருந்திருக்காது.

சொல் அறிவோம்

சேஸிஸ் – வண்டியின் எலும்புக்கூடு போன்ற இரும்புச் சட்டம்.
ஆர்.சி. – வண்டியின் பதிவுச் சான்று.
ஷாக் அப்சார்பர் – மேடு பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் பாகம்.
குஜிரி – பழைய பொருள் விற்கும் சந்தை.

பேசுவோம்

1. வெல்டிங் அண்ணன் கிரைண்டரை ஏன் கீழே வைத்தார்?
2. தாத்தாவின் மட்கார்டை ஏன் பரணில் பத்திரமாக வைத்தார்கள்?
3. படிக்கத் தெரிந்தும் படிக்காமல் விட்ட காகிதம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அது என்ன?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஒரு வண்டியின் ஆர்.சி.யைக் கேட்டு வாங்குங்கள். பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை, பதிவு முடியும் தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். பிறகு வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளை மையத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள்.