பைனாகுலரில் விண்மீன்கள்

இரவு வானத்தைக் கண்டு வியக்காதார் யாருமிலர். ஆயினும் அதை ஆராயப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்றெண்ணிப் பலர் சும்மா இருந்து விடுகின்றனர். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சாதாரணப் பைனாகுலரே போதும் என்பதை இப்போது அறிந்துகொண்டோம்.

பைனாகுலரின் மேல் 7 x 50, 10 x 50 என எண்கள் காணப்படும். முதல் எண், உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது, முன்புற வில்லையின் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். இருட்டில் நம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். 50 மி.மீ. வில்லையோ அதைவிடச் சுமார் 50 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. ஆகவேதான் கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு விண்மீன்கள் தெரிய, பைனாகுலரில் பல பத்து விண்மீன்கள் மின்னுகின்றன.

ஆனால் ஒரு சங்கடம்! உருவம் பெரிதாகும்போது கைநடுக்கமும் பெரிதாகிறது. முதல் நாள் மொட்டைமாடியில் நின்று வியாழனைப் பார்த்தபோது அது ஓரிடத்தில் நில்லாமல் துள்ளிக் குதித்தது. நிலவுகள் எவையும் தெரியவில்லை. பாடநூலே பொய்யோ என்று சோர்ந்தோம். பின்பு முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, மூச்சை அடக்கிப் பார்த்தோம். ஆகா! வியாழனின் இருபுறமும் ஒரே வரிசையில் மூன்று சிறு ஒளிப்புள்ளிகள்! மறுநாள் அவை இடம் மாறியிருந்தன, நான்காவதும் தெரிந்தது.

1610 ஜனவரியில் இத்தாலியின் பதுவா நகரில் கலிலியோ கண்ட நிலவுகள் இவைதாம். வானிலுள்ள யாவும் பூமியையே சுற்றுகின்றன என்ற பழங்கருத்து இவற்றால் ஆட்டங்கண்டது. மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற பாடத்தை அன்றுதான் உண்மையாகக் கற்றோம்.

தோழியரே, நீங்களும் பார்க்க விரும்பினால் இவற்றை நினைவில் வையுங்கள். விளக்குகளை அணைத்து, இருபது நிமிடமேனும் கண்களை இருளுக்குப் பழக்குங்கள். டார்ச் விளக்கின்மேல் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். நிலவின் பள்ளங்களைக் காண முழுநிலவைவிட அரைநிலவே சிறந்தது. நிழல்கள் அப்போது நீண்டு விழும். பைனாகுலரால் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்காதீர்கள்! நொடிப்பொழுதில் பார்வை பறிபோகும்.

பெரிய கருவிக்காகக் காத்திராமல், இருப்பதைக் கொண்டு பொறுமையுடன் நோக்குவோம். இறைவனின் கைவண்ணத்தை நம் கண்களாலேயே கண்டு அவரைப் போற்றுவோம்!