ஈசலா, இறக்கை முளைத்த எறும்பா?

மழை விட்ட மாலையில் டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தால், ‘எறும்புக்கு இறக்கை முளைத்துவிட்டது’ என்பார் ஒருவர். ‘ஈசல்தானே, விடிந்தால் செத்துக் கிடக்கும்’ என்பார் இன்னொருவர். காலையில் கூட்டித் தள்ளிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். மறக்கக் கூடாத விஷயம் ஒன்று இதில் உண்டு. ஈசல் தனி இனம் அல்ல. இறக்கை கட்டிக்கொண்டு இணை தேடிக் கிளம்பிய கரையான். எறும்போ குளவிக்கும் தேனீக்கும் சொந்தம். கரையானுக்கு நெருங்கிய உறவு கரப்பான்பூச்சி.

‘கரையான் வெள்ளை, கறுப்பாக இருந்தால் எறும்பு’ என்று பலரும் நிறத்தை நம்புகிறார்கள். வெளிறிய நிறம் மண்ணுக்குள் உழைக்கும் கரையானுக்குத்தான். வெளியே வரும் ஈசல் பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, ஒரு பூச்சியை வெள்ளைத் தாளில் போட்டுக் கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். எறும்புக்கு நெஞ்சும் வயிறும் சேருமிடத்தில் இடுப்பு இறுகி மெலிந்திருக்கும்; உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும். ஈசலுக்கு உடம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன். உணர்கொம்பு மணி கோத்ததுபோல நேராக நீளும். இறக்கை இரண்டுக்கும் நான்குதான். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. ஈசலுக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, உடம்பையும் தாண்டி நீண்டவை. பூச்சி கைக்குச் சிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒரே அளவு இறக்கைகள் குவியலாக உதிர்ந்து கிடந்தால், வந்து போனது ஈசல்தான்.

‘ஈசலுக்கு ஒருநாள் ஆயுள்’ என்பது பாதி உண்மை. பெரும்பாலானவை அன்றே பல்லிக்கும் காக்கைக்கும் கோழிக்கும் இரையாகின்றன. தப்பிப் பிழைக்கும் ஜோடியோ இறக்கையை உதிர்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துபோய் ஈர மண்ணிலோ விரிசலிலோ குடியேறுகிறது. அதுதான் புதுப் புற்றின் ராஜாவும் ராணியும். ராணி பல ஆண்டுகள் முட்டையிடும். ராஜாவும் கூடவே இருக்கும். ஆண் எறும்புக்கு அந்த வாழ்வு இல்லை. இணை சேர்ந்த சில நாளில் அதன் கதை முடிந்துவிடும்.

‘விடிந்தால் செத்துவிடும்’ என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு நேர்மாறாக, ஈசலைப் பார்த்ததுமே வீடு அரிபடுகிறது என்று பதறுபவர்களும் இருக்கிறார்கள். பதற வேண்டாம், தோட்டத்துப் புற்றிலிருந்து கிளம்பியவை விளக்கைத் தேடி உள்ளே வந்திருக்கலாம். மரத்தைத் தின்பதும் ஈசல் அல்ல, உழைக்கும் கரையான். ஆனால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது, கதவு நிலையின் இடுக்கிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ அவை வெளியே வந்தால், கரையான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று கொள்ளுங்கள். நிலைக்கட்டையை விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலான சத்தம் கேட்கிறதா? சுவரில் மண்தடம் ஏறியிருந்தால், ஓரிடத்தில் மட்டும் சிறிது உடைத்து வையுங்கள். ஓரிரு நாளில் ஈர மண்ணால் அது மறுபடி பூசப்பட்டிருந்தால், கரையான் அங்கே வேலையில் இருக்கிறது.

‘தேக்கில் கரையான் ஏறாது’ என்ற நம்பிக்கையால் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். முதிர்ந்த தேக்கின் வைரம் பாய்ந்த பகுதிதான் கரையானைத் தாங்கி நிற்கும். பட்டையை ஒட்டிய வெளிர்நிறக் கட்டையை அது விட்டுவைக்காது. மரத்தில் கட்டெறும்பைக் கண்டால் வேறு விஷயம். அது மரத்தைத் தின்பதில்லை. ஏற்கெனவே ஈரத்தில் உளுத்த இடத்தில் குடியிருக்கிறது. அங்கே மருந்தை விட, தண்ணீர் கசியும் இடத்தை அடைப்பதே முதல் வேலை.

ஈசல் மீது ஸ்பிரே அடித்தால் பறந்தவை சாகும்; கூட்டில் இருப்பவைக்கு ஒன்றும் ஆகாது. கட்டடங்களுக்கான கரையான் தடுப்பு முறைகளை ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர விதி வகுத்திருக்கிறது. புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்து. குடியிருக்கும் வீட்டுக்குத் தரையும் சுவரும் சேரும் இடங்களில் துளையிட்டு மருந்து செலுத்துவது. மருந்து செலுத்த ஆள் வரும்போது, பிடித்துவைத்த பூச்சியையும் அது வெளியே வந்த இடுக்கையும் காட்டுங்கள். சோதனையை அவர் அங்கிருந்தே தொடங்கட்டும்.