நீர் ராக்கெட் ஏவுவோர் கவனத்திற்கு

சோடாப் போத்தலில் நீர் ஊற்றி, சைக்கிள் பம்பினால் காற்றை அடைத்து ஆகாயத்தில் ஏவி மகிழும் புதுச்சேரிப் பிள்ளைகளும், அவர்களினும் அதிக உற்சாகம் கொண்ட தகப்பன்மார்களும், அடைபட்ட காற்று அமுக்கி வைத்த ஸ்பிரிங்குக்குச் சமானம் என்பதை முதற்கண் மனத்திற் கொள்வது அவசியம். (பாயில் விதியென நாம் படித்ததைப் பிரெஞ்சுப் புத்தகங்கள் மாரியோத்தின் பெயரோடு சேர்த்தே சொல்லும், இவ்வூரில் இரண்டு பெயரும் செல்லும்!)

வாயுவின் அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்ட சோடாப் போத்தலை விடுத்து, மெலிந்த குடிநீர்ப் போத்தலை உபயோகிக்கலாகாது. கீறல் விழுந்ததும் வெயிலில் கிடந்ததும் உதவா. மூன்றில் ஒரு பங்கு நீரும், அளவுமானி காட்டும் 60 பவுண்டுக்கு மேற்படாத அழுத்தமும் போதும்.

வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய பி.வி.சி. துண்டில் காற்றடைத்து உருளைக்கிழங்கு எறியும் விபரீத ஆசை சிலருக்கு உண்டு. நீர் நிறைந்த குழாய் விண்டால் அழுத்தம் அக்கணமே தணிந்துவிடும். காற்று நிறைந்த குழாயிலோ அக்காற்று விரிந்து, குழாயைச் சில்லுகளாய் வீசியெறியும். அவ்வாசையை அறவே தவிர்க்க.

மாலையில் ஜனங்கள் நிறைந்த கடற்கரைச் சாலையும், லாஸ்பேட்டை விமான நிலையத்தின் அருகாமையும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. விசாலமான மைதானமே தக்கது. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, பத்து மீட்டர் கயிற்றால் எட்ட நின்று இழுங்கள். ராக்கெட் கிளம்பாவிடில், பம்பின் வழியே காற்றை வெளியேற்றிய பின்னரே கிட்டச் செல்லுங்கள்.