விளையாட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாகம் வாங்குவது எப்படி?



நம்ம வகுப்பில் கேம் விளையாடாதவங்க ரொம்பக் குறைவு. சிலருக்கு, தான் விளையாடுவதை யூடியூபில் நேரலையாக எல்லாருக்கும் காட்டணும்னு ஆசை. அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். அதைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பவர்கள் நிறைய. எந்தப் பாகம் எதற்கு, எவ்வளவு பெரிசு வேண்டும் என்பதைப் பார்ப்போம். கேம் பிடிக்காதவர்களும் படியுங்கள், நம்ம ஊர் யானையும் இதில் வருகிறது!

முதலில் வேலையைக் கணக்குப் போடுவோம்

திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 3 பைட் வேண்டும். ஒரு வினாடிக்கு 60 படம் ஓடினால் மொத்தம் சுமார் 37 கோடி பைட்! பிட் கணக்கில் சுமார் 299 கோடி. ஆனால் நேரலைக்கு நாம் அனுப்புவது வினாடிக்கு 60 லட்சம் பிட் அளவுதான். அதாவது ஏறக்குறைய 500 மடங்கு சுருக்கி அனுப்புகிறோம். அப்படியும் 1 மணி நேரத்துக்கு 2.7 ஜி.பி. டேட்டா போய்விடும்.

ஆக வேலை இரண்டு. படத்தை வரைவது ஒன்று, வரைந்ததை உடனே சுருக்கி அனுப்புவது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கணும். ஒரு படத்துக்குக் கிடைப்பது வினாடியில் 60-ல் ஒரு பங்கு நேரம்தான்.

பாகங்கள்

1. கிராபிக்ஸ் கார்டு: படம் வரைவது இதுதான். ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குகளை ஒரே நேரத்தில் போடும். என்விடியா கம்பெனி 2012 முதல் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிப் பகுதியையும் தன் கார்டுகளில் வைத்து வருகிறது. அதனால் நேரலை ஓடும்போது கேம் அதிகமாகத் தடங்காது.

2. புராசஸர்: கேமின் விதிகள், எதிரியின் நடமாட்டம், நேரலை மென்பொருள் எல்லாவற்றையும் கவனிப்பது இது. கேமும் நேரலையும் சேர்ந்து ஓட 8 கோர் இருந்தால் நல்லது.

3. ராம்: வேலை செய்யும் மேசை மாதிரி. மேசை சின்னதாக இருந்தால் எடுப்பதும் வைப்பதுமே வேலையாகிவிடும். 32 ஜி.பி. போதும். அதையும் 16, 16 என்று இரண்டாக வாங்கினால் இரண்டு வழியில் தகவல் போய்வரும், வேகம் கூடும்.

4. எஸ்.எஸ்.டி.: பழைய ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 150, 200 எம்.பி. படிக்கும். இப்போதைய நல்ல எஸ்.எஸ்.டி. 7,000 எம்.பி. வரை படிக்கும்.

5. பவர் சப்ளை: யாரும் கவனிக்காத பாகம். ஆனால் எல்லாவற்றுக்கும் சோறு போடுவது இதுதான். கிணற்றில் 10 ஹெச்.பி. மோட்டாரை இறக்கிவிட்டு மெல்லிசான ஒயரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒயர் சூடாகி உருகும். இங்கேயும் அப்படித்தான். மட்டமான பவர் சப்ளை போனால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். மேலே '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

6. பெட்டி: அதில் பல கலர் லைட் எரிவது முக்கியம் இல்லீங்க. முன்னால் காற்று உள்ளே போக வலை இருக்கணும். நம்ம ஊர்த் தூசிக்கு அந்த வலையை அடிக்கடி கழற்றித் துடைக்கவும் வசதி வேண்டும்.

ஒரு உண்மைக் கணக்கு

எங்க பெரியப்பா மகனுக்கு இப்படி ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பெரியப்பா இரண்டு வருஷம் பால் ஊற்றிச் சேர்த்த பணம் ஒன்றரை லட்சம் இருந்தது. ஒரு கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலில் பணத்தில் முக்கால்வாசி ஆர்.டி.எக்ஸ். 5080 என்ற கார்டுக்கே போனது. மிச்சத்தில் ஒரே ஒரு 8 ஜி.பி. ராம், பேர் தெரியாத 500 வாட் பவர் சப்ளை.

அண்ணனும் நானும் நோட்டில் கூட்டிப் பார்த்தோம். கார்டு 360 வாட், புராசஸர் 120 வாட், மற்றவை 80 வாட். கூட்டினால் 560. சப்ளையோ 500! அது மட்டும் இல்லை, வீட்டில் இருக்கும் திரை வினாடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 150 படம் வரைந்தாலும் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்று பெரியம்மா சொன்னார்.

அண்ணன் 250 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 5070-க்கு மாறினான். இப்போது மொத்தம் 450 வாட். அதற்கு 750 வாட் சப்ளை. ராமும் 16, 16 ஆனது. பணம் அதே ஒன்றரை லட்சம்தான். பெரியப்பாவின் உழைப்பு வீணாகவில்லை.

யானைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2021 நவம்பர் 26 அன்று இரவு, நவக்கரை பக்கத்தில் ரயில் மோதி 3 யானைகள் செத்துப்போயின. அதற்குப் பிறகு வனத்துறை மதுக்கரைக் காட்டுப் பகுதியில் ரயில் பாதையோரம் 12 கோபுரங்கள் அமைத்துக் கேமரா வைத்தது. செலவு 7.24 கோடி ரூபாய். 2024 பிப்ரவரி 9-ல் தொடங்கி வைத்தார்கள். இருட்டிலும் உடல் சூட்டை வைத்துப் பார்க்கும் கேமராக்கள் இவை. படத்தில் இருப்பது யானையா என்று செயற்கை நுண்ணறிவு கண்டுபிடிக்கும். உடனே வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும்.

இதுவும் ஒரு நேரலைதான்! 60 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகரும். தகவல் 10 வினாடி தாமதமானால் ரயில் 166 மீட்டர் நெருங்கிவிடும். கேமரா நல்லதாக இருந்து, கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் பிரயோசனம் இல்லை. கம்ப்யூட்டர் வேகமாக இருந்து, தகவல் போகும் வழி மெதுவாக இருந்தாலும் அப்படியே. கேமில் தாமதம் வந்தால் நாம் தோற்போம், அவ்வளவுதான். இங்கே போவது ஒரு உயிர்.

உங்களுக்குத் தெரியுமா?

2012-ல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர், படத்தைப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் 'அலெக்ஸ்நெட்' என்ற நிரலை உருவாக்கிப் போட்டியில் ஜெயித்தார்கள். அதற்குப் பயிற்சி கொடுத்தது கேம் விளையாட விற்ற இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள்தான்! மூவரில் ஒருவரான ஜெப்ரி ஹின்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

* என் வேலைக்கு வினாடிக்கு எத்தனை படம் வேண்டும்? என் திரை அதைக் காட்டுமா?
* எல்லாப் பாகங்களின் வாட்டையும் கூட்டினேனா? சப்ளையில் அதற்கு மேல் மிச்சம் இருக்கிறதா?
* வீட்டு இன்டர்நெட்டில் அனுப்பும் வேகம் எவ்வளவு? இறக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது.

இந்த மூன்றுக்கும் விடை எழுத, நாம் ஐந்தாம் வகுப்பில் படித்த கூட்டலும் பெருக்கலும் போதும். கடைக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மதுக்கரை